ஆணியில் மாட்டிய வில்லை

வேலு வேலை இல்லாதவன் இல்லை, வேலையை விட்டவன் என்று சுரங்கக் கணக்கு எழுதும் ரைட்டர் டேவிட் சொன்னதும் அரிசி வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். வேலுவும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் தனக்கு அரிசி கிடையாது என்பது உறைத்தது.

ஐப்பசி மழையில் சுரங்கத்தின் அடி லெவலில் தண்ணீர் புகுந்துவிட்டது. பம்பு மூச்சு வாங்கிக்கொண்டு இறைத்தும் தண்ணீர் அசையவில்லை. ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் நின்றது, அது இறங்குகிற ஷாப்டை மூடினார்கள். ஆளெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வட ஆற்காட்டுக்குப் போய்விட்டால் மறுபடி பிடித்துவருவது பெரும்பாடு. ஆகவே ஷாப்ட் திறக்கும்வரை தினமும் அரிசி தருவதாகக் கம்பெனி தமுக்கு அடித்தது. இரக்கம் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். கறவை வற்றிய மாட்டுக்கும் வைக்கோல் போடுகிற கணக்குதான். தமுக்கோடு நிபந்தனையும் வந்தது. வெள்ளம் வந்த அன்று வேலையில் இருந்திருக்க வேண்டும், வேறு இடத்தில் கூலிக்குப் போகக்கூடாது, தானாக வேலையை விட்டவனுக்குக் கிடையாது.

எல்லாவற்றிலும் தேறிவிடுவோம் என்று வேலு மார்தட்டிக்கொண்டுதான் வந்தான். கெடுத்தது வில்லை.

ஷாப்ட் வாயில் ஒரு பலகை, பலகை நிறைய ஆணி. ஆளுக்கொரு நம்பர் வெட்டிய பித்தளை வில்லை அதில் தொங்கும். இறங்கும்போது எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். ஏறி வந்ததும் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி மொட்டையாக இருந்தால் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். வேலையே வேண்டாமென்று போகிறவனும் அதே வில்லையைத்தான் ரைட்டரிடம் வைத்துவிட்டுப் போவான். வெள்ளம் வந்த அன்று மேலே வந்தவர்களெல்லாம் வில்லையை இடுப்போடு வைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். வேலு ஒருவன்தான் நின்று, தன் ஆணியைத் தேடி மாட்டிவிட்டுப் போனான்.

"வில்லை கையில கீறவன் வேலையில கீறவன். குடுத்தவன் வுட்டுட்டுப் போனவன். கம்பெனி உத்தரவு," என்றார் டேவிட்.

"ஒழுங்கா மாட்னவனுக்குப் பட்டினி, தூக்கினு ஓடனவனுக்குச் சோறா ரைட்டரய்யா?"

"உன்ன யார்டா மாட்டச் சொன்னது?"

பின்னாலிருந்து சின்னப்பையன் குரல் வந்தது. பேருக்குத்தான் அவன் சின்னப்பையன். அவன் ஏறினால் கேஜே முனகும். "தண்ணி தொரத்தினு வருது, இவுரு ஆணி தேடினு கீறாரு!"

அப்படியானால் பலகைக் கணக்குப்படி நீங்களெல்லாம் இன்னும் தண்ணீருக்குள்தானே இருக்கிறீர்கள் என்று கேட்க வேலுவுக்கு நாக்கு துடித்தது. கேட்டால் அத்தனை பேர் சோற்றுப்பானையும் கவிழ்ந்துவிடும். "பழக்க தோஷம்," என்று சொல்லி நகர்ந்தான்.

வீட்டில் குணசுந்தரி நிறைமாதம். வெறுங்கையைப் பார்த்தாள். "இன்னாய்யா, ஊருக்கே பூடலாமா?"

ஊர் என்றால் குடியாத்தம் பக்கம், பண்ணையார் களம். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே அவனுக்குப் பெயரே 'டேய்'தான். இங்கே ஒரு நம்பராவது இருந்தது.

"இன்னாமே பேசறே? புள்ள இங்கதான் பொறக்கும். நீ ஒலைய வெய்யி, அரிசி வரும்," என்றான் வேலு. சும்மா சொல்லவில்லை; அவனுக்கு வழி ஒன்று தோன்றிவிட்டது.

மறுநாள் காலைச் சங்கு ஊதியதும் ரைட்டர் ஜன்னலில் வேலு நின்றான். ஷிப்டுக்குப் போகிற முழு அலங்காரம்: தலையில் தொப்பி, தொப்பியில் களிமண், களிமண்ணில் மெழுகுவத்தி. பட்டப்பகலில் அது எரிந்துகொண்டிருந்தது.

"ரைட்டரய்யா, வில்லைய குடுங்க. எறங்கணும், நேரமாவுது."

"ஷாப்டே மூடிகீதுடா."

"பரவால்ல. தெறக்கற வரைக்கும் நிக்கிறேன்."

அடுத்த நாளும் வந்தான், அதற்கடுத்த நாளும் வந்தான். அரிசிக்கு வருகிற கூட்டத்தைவிட வேலுவைப் பார்க்க வருகிற கூட்டம் பெருத்தது. "மாப்ள வந்துட்டாரு, வழி வுடுங்க!" என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

டேவிட்டுக்குப் பொறுமை அறுந்தது. "ஏண்டா என் உசுர வாங்கறே! வேலை இல்ல! எவனுக்குமே இல்ல!"

"எனக்குமா?"

"உனக்கும் இல்லடா!"

வேலு தொப்பியைக் கழற்றினான். "அப்ப நான் வேலைய வுடல. வேலதான் இல்ல. உங்க வாயாலயே சொல்லிட்டீங்க."

முதலில் வாய் திறந்தவன் சின்னப்பையன்தான். "ஆமா ரைட்டரய்யா, தெனம் வந்து வேல கேக்கறவன எப்டி வேலய வுட்டவன்னு சொல்றது? அவனுக்குக் குடுக்காத அரிசி எனுக்கும் வாணாம்." அவன் தன் கூடையைக் கீழே வைத்தான். அவன் வைத்ததைப் பார்த்து, பின்னால் இன்னும் சில கூடைகள் தரையில் இறங்கின.

டேவிட் கூடைகளைப் பார்த்தார். வேலுவைப் பார்த்தார். மெழுகு உருகி அவன் மூக்கு நுனியில் வெள்ளையாக உறைந்திருந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து, பலகையிலிருந்து கழற்றிப் போட்டிருந்த அவன் வில்லையைத் தேடி எடுத்து நீட்டினார்.

"மூக்கத் தொடச்சிக்கினு கூடைய நீட்டு. ஷாப்ட் தெறக்கற வரைக்கும் இந்தத் தொப்பி என் கண்ணுல படக்கூடாது."

வீட்டில் குணசுந்தரி அரிசியை முறத்தில் கொட்டிக்கொண்டே கேட்டாள். "இனிமேலயும் ஏறி வந்தா வில்லைய மாட்டுவியாய்யா?"

"மாட்டாம? மொட்ட ஆணியப் பாத்தா நீ ஒப்பாரி வெச்சி ஊரக் கூட்டிடுவே."

வெள்ளம் வந்த அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷாப்டுக்கு ஓடியவள் அவள். எழுத்து தெரியாது, அந்தப் பலகையில் அவளுக்குத் தெரிந்தது வேலுவின் நம்பர் ஒன்றுதான். அது ஆணியில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி அவன்மேல் எறிந்துவிட்டு, உலைக்குத் தண்ணீர் வைக்க எழுந்தாள்.