அசல்தான் என்று சொன்னேன்: சுன்னாகத்தில் ஒரு புலிநகம்

போன மாசியில் மூன்று நாள் யாழ்ப்பாணம் போய் வந்தேன். சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தபோது என் அறைத்தோழியாக இருந்த தர்சினிக்கு மகன் பிறந்திருந்தான். முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவுச் சடங்குக்குக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தாள். முதல் குழந்தையைப் பதினான்காம் நாளில் இழந்தவள் அழைக்கும்போது மறுக்க முடியவில்லை.

சென்னையில் பத்தரைக்குக் கிளம்பிய சிறிய விமானம் பதினொன்றே முக்காலுக்குப் பலாலியில் இறங்கியது. சுன்னாகத்துக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 1,500 இலங்கை ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். "பெற்றோல் விலை தெரியாதே அக்கா?" என்று ஓட்டுநர் வாயை அடைத்துவிட்டார். வழியெல்லாம் செம்மண், வெங்காயப் பாத்திகள். சந்தையடியில் நெரிசலால் கால் மணி நேரம் நின்றோம்.

மறுநாள் காலை சடங்கு முடிந்ததும் தர்சினியின் மாமனார் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். பொன்கட்டிய புலிநகம். குழந்தையின் கழுத்துக்கு.

"பிள்ளை, நீங்கள் மிருக டொக்டர்தானே? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. மாட்டுக்கொம்பைச் சீவியும் விக்கிறாங்களாம்."

அடிப்பக்கம் ஏடு ஏடாக உரிந்திருந்தது. உட்புறம் பள்ளம். அரம் பட்ட தடமே இல்லை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இலங்கையில் புலி கிடையாது. இது எங்கள் பக்கத்துக் காட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் புலியின் பிரேதப் பரிசோதனைக்கு உதவப் போயிருந்தேன். நான்கு பாதங்களும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. ஒரு புலிக்குப் பதினெட்டு நகம்.

போலி என்று பொய் சொல்லலாம். சொன்னால் இதைத் திருப்பிக் கொடுத்து இன்னொன்று கேட்பார். அதனால் உண்மையைச் சொன்னேன். "அசல்தான்." அந்தப் பாதங்களைப் பற்றியும் சொன்னேன். வாங்குவதும் கடல் கடத்துவதும் குற்றம் என்றேன்.

"செத்த புலிக்கு இனி என்ன செய்யிறது, பிள்ளை? நாங்கள் கொல்லேல்லைத்தானே?" என்றார் அவர். கோபமே இல்லை.

தர்சினி என்னை அறைக்குள் கூட்டிப் போனாள். "நீ சொல்லுறது எனக்கு விளங்குது. உன்னோடைதானே நானும் படிச்சனான். முதல் பிள்ளையும் இந்தக் கட்டிலிலைதான் கிடந்தது. இதைக் கட்டாமல் விட்டு இவனுக்கும் ஏதும் நடந்தால், நான் என்ன செய்வன்?"

வெளியே வந்து அவளே கட்டினாள். குழந்தை அழுதது.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு என் பையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மாமனார் மகிழ்ச்சியாகச் சொன்னார்: "என்ரை மகளின்ரை ரெண்டு பிள்ளையளுக்கும் ஒவ்வொரு நகம் கொண்டுவரச் சொல்லிப்போட்டன். சாமான் அசலோ எண்டு மருமகனுக்குச் சந்தேகம். இந்தியாவிலை இருந்து வந்த டொக்டரே பாத்துச் சொன்னவ எண்டன். உடனை ஓம் எண்டிட்டார்."

"வேண்டாம் ஐயா. நிறுத்தச் சொல்லுங்கள்."

"இனிச் சொல்லேலாது, பிள்ளை. வாக்குக் குடுத்தாச்சு."

ஆட்டோ கிளம்பிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: மாசி நல்ல மாதம், மழை இல்லை. சுன்னாகத்திலிருந்து யாழ் நகரம் பத்து கிலோமீட்டர். பேருந்தில் போனால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். புலிநகம், பல், தோல் எதையும் வாங்காதீர்கள், யாருக்காகவும் எடுத்து வராதீர்கள். அசலா என்று யாராவது கேட்டால், கையிலேயே வாங்காதீர்கள். நான் வாங்கினேன்.

ஊர் திரும்பிய மறுநாள் வனத்துறை அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியாக, "எந்த வீடு? பெயர் சொல்லுங்கள். அங்கிருந்துதான் விற்றவனைப் பிடிக்க முடியும்" என்றார்.

பிள்ளைக்கு முப்பத்தைந்து நாள்கூட ஆகவில்லை. நான் சொல்லவில்லை. அவர் பேனாவை மூடினார்.