தாத்தா பேசக்கூடாது

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். திருப்பூரில் ஒரு டிசம்பர் முழுக்க நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் பிழைத்தேன்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். என் உயரத்துக்கு ‘பனைமரம்’ என்று பட்டம். வாய்க்கு வைத்த பட்டத்தை இங்கே எழுத முடியாது.

எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர்தான் வருஷா வருஷம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடை வாசலில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு நிற்பார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான்; எங்கள் லைன் வீட்டில் கடைசி வீடு அவருடையது. அந்த வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, நல்லாயிருந்த மனுஷன் பொசுக்கென்று போய்விட்டார். டிசம்பரில் கடை முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அந்த டிரெஸ்ஸு உங்க ஒசரத்துக்குத்தானுங்க சேரும். அவராட்டவே ஆடோணும். பேச மட்டும் பேசீராதீங்க. பொம்பளைன்னு தெரிஞ்சா புள்ளைங்க சிரிச்சுப்போடும்.”

ஆர்டர் இல்லாமல் கம்பெனி ஈயோட்டிக்கொண்டிருந்த நேரம். சரி என்றேன்.

எக்ஸ்போர்ட்டில் கழித்த சிவப்புத் துணியில் மாஸ்டரே வெட்டித் தைத்த அங்கி. தாடிக்கு பனியன் வேஸ்ட். முகமூடிக்குள் முகத்தை விட்டதும் அவர் போடும் பாக்கு வாசம் குப்பென்று அடித்தது. கழுவிக் காயவைத்தும் போகவில்லை. நான் விட்ட மூச்சு உள்ளேயே சுற்றி, யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல் கேட்டது. ஆத்தீ, பயந்தே போனேன்.

மிட்டாய் கொடுக்கும் முன் அவர் கையைத் தட்டி, இடது காலை லேசாக நொடித்து ஒரு சுற்று சுற்றுவார். கம்பெனி விழாக்களில் பார்த்துப் பார்த்து எனக்கும் அது வந்துவிட்டது. சில நேரம் நான் நினைக்கும் முன்பே கால் நொடித்தது. எனக்கு அது பிடிக்கவேயில்லை.

ஒரு மத்தியானம் மாஸ்டரின் மனைவி வேலை கேட்டுக் கடைக்கு வந்தாள். அவள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, ஆறு வயது மகள் நழுவி வந்து என் கையைப் பிடித்தாள்.

“எனக்குத் தெரியும், நீங்க எங்கப்பாதான்.”

நான் அசையவில்லை.

“நம்ம வீட்டுல இந்த வருஷம் ஸ்டார் கட்டலப்பா. துக்க வீடாம், கட்டக்கூடாதாம். நீங்கதான் இங்க இருக்கியளே, அம்மாட்ட சொல்லுங்கப்பா.” பிறகு அங்கியை இழுத்தாள். “ஒரே ஒரு வாட்டி பாப்பான்னு கூப்பிடுங்க.”

ஏசப்பா! அவளுக்கு என் குரல் அத்துப்படி. குழாயடியில் நான் போடும் சத்தத்தில்தான் தினமும் அவளுக்கு விடியும். வாயைத் திறந்தால் பனைமரம் அத்தை வருவாள், அவள் அப்பா இன்னொரு தடவை சாவார். பல்லைக் கடித்துக்கொண்டு, கை பழகிய பழக்கத்தில் தட்டி, காலை நொடித்து, சுற்றி மிட்டாயை நீட்டினேன். அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதோடு தீர்ந்தது. உள்ளே நான்தான் என்று தெரிந்தும், வாசலுக்கு வந்த அவள் அம்மா அப்படியே நின்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கிக்குள் நான் அழுதது யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு தினமும், நான் ஆடும்போதெல்லாம் யாரோ என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. முகமூடியின் இரண்டு ஓட்டைக்குள் எவ்வளவு தெரியும்? எதிரே டீக்கடைக் கூட்டத்தில் ஒரு தலை தெரியும், மறையும். செத்தவர்தான் தன் வேஷத்தைப் பார்க்க வருகிறார் என்றே நம்பினேன். ஜெபம் சொல்லிவிட்டுத்தான் அங்கியைத் தொடுவேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கடைசி வீட்டில் ஸ்டார் எரிகிறது. துக்க வீட்டில் ஸ்டாரா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள்.

“உங்க வீட்டு கரண்ட்டா எரியுது?” என்று நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

மறுநாள் காலை குழாயடியில் மாஸ்டர் மனைவியைப் பிடித்தேன். “எனக்கு நெஞ்சு தாங்கல தாயி. உம்மவகிட்ட உள்ளதச் சொல்லிருவோமா?”

“சொல்லாண்டாம்க்கா. இன்னைக்கும் நிப்பியளா?”

“நிப்பேன். பிள்ளைக்காகத்தான?”

குடம் நிறைந்து வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

“டீக்கடைல நின்னு தெனமும் பாக்கது நாந்தான்க்கா.”

அன்றைக்கு முகமூடியைப் போட்டதும் முதலில் டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றேன். அப்புறம்தான் கையைத் தட்டினேன்.