புலி செயிக்கப் போன ஆட்டம்

பிள்ளைகளா, எங்கள் வீட்டில் செஸ் காய்கள் தரையில் உருளுகிற சத்தம் கேட்டது. "அப்பா, தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் தம்பி கலைச்சுட்டான்" என்றாள் மகள். எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அவருக்கு ஆடுபுலி ஆட்டம் என்றால் உசுரு. கீழக்குயில்குடிப் பாறையில் கோடு கிழித்து ஆடுவார். ஆனால் எந்தக் கல்லை நகர்த்தலாம் என்று மூளையைக் கசக்கினால் போதும், கை வெடுக்கென்று உதறும். கல்லெல்லாம் பறக்கும்.

"அதெப்படி மச்சான், தோக்குறப்ப மட்டும் ஒங்க கை ஆடுது?" என்பார் பெரியம்மாவின் தம்பி சேகர் மாமா. ஊரே கள்ளாட்டக்காரர் என்றது. பெரியப்பாவுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பெரியப்பாவின் புலி கிட்டத்தட்ட எல்லா ஆட்டையும் தின்றுவிட்டது. எந்தப் பக்கம் பாயலாம் என்று யோசித்தவர், கை உதறி, வலிப்பு வந்து சாய்ந்தார். மாமா பதறிப்போய் சைக்கிள் சாவி, வீட்டுச் சாவி, பக்கத்து டீக்கடைச் சாவி எல்லாவற்றையும் அவர் கையில் திணித்தார். சாவியால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், அம்புட்டுதான்.

பெரியப்பா கண் விழித்தார். "செயிக்கிற ஆட்டத்துலதானே விழுந்தேன் மாப்ள? இப்பயாச்சும் நம்புறியா?" என்றார். மாமா அழுதேவிட்டார்.

தீவிரமாக யோசித்தால் சிலருக்கு இப்படி வலிப்பு வரும் என்று சொல்லி, டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

அதனால் நான் முதலில் மகனின் கையைத்தான் பிடித்துப் பார்த்தேன். கை அசையாமல் இருந்தது. முகத்தில்தான் களவாணிச் சிரிப்பு.