ஒரு கமா

சிக்கல் கிராமத்தில் பிறந்த பாண்டீஸ்வரன் சாயல்குடியில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். உப்பளத்து மோட்டார்களுக்கு கன்ட்ரோல் பெட்டி செய்வது தொழில். பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு புரோகிராம் எழுத, தொண்டியிலிருந்து வந்த முருகலட்சுமியை வேலைக்கு வைத்திருந்தார். டிப்ளமோ முடித்த பெண். அடுத்து இன்ஜினியரிங் சேர வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வற்றினாலும் மோட்டார் நிற்காத கோளாறு ஒன்றை அவள் கண்டுபிடித்து, சாயங்காலம் கிளம்பும்போது ஃபைலில் சரிசெய்து வைத்தாள்; சிப்புக்கு மாற்றுவது மட்டும் பாக்கி. மறுநாள் அவள் வருமுன்பே அவர் அந்த ஃபைலைத் திறந்தார். ஸ்டார்ட் ஆகும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, கமாண்டைத் தட்டினார். எழுதியதை சிப்புக்குப் புரிகிற ஆப்ஜெக்ட் ஃபைலாக அசெம்ப்ளர் மாற்றும்; பிறகு லிங்கர் அதைச் சிப்பில் ஏற்றும்படி சேர்த்துக் கொடுக்கும். இரண்டும் ஒரே கமாண்டில் அடுத்தடுத்து ஓடும்படி அவரே அமைத்திருந்தார். கறுப்புத் திரையில் வரிகள் ஓடி முடிந்தன. அவர் படிக்கவில்லை. சிப்பில் ஏற்றிக் கொண்டுபோய் மாட்டினார்.

மூன்றாம் நாள் சேதுபதியின் உப்பளத்தில் மோட்டார் தண்ணீர் இல்லாமலே ஓடிக் கருகியது.

"இந்தப் புள்ள எழுதுன புரோகிராம்ணே. அதுல தப்பு" என்றார் பாண்டீஸ்வரன், சேதுபதியின் எதிரில்.

"நான் சரி பண்ணிட்டேண்ணே. ஃபைலப் பாருங்க."

"பாத்துட்டேன்."

அவர் பார்த்திருக்கவில்லை. சேதுபதியும் அவளைக் கடுமையாகப் பேசினார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அதன் பிறகு பாண்டீஸ்வரன் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் கன்ட்ரோல் போர்டுகளை வாங்கி மாட்டத் தொடங்கினார்.

மூன்று வருஷம் கழித்து, அந்தப் போர்டு கிடைக்காமல் போகவே பழைய ஃபைல்களைத் தேடினார். புரோகிராமின் தேதிக்கு ஒருநாள் முந்தைய தேதி ஆப்ஜெக்ட் ஃபைலில் இருந்தது. அசெம்ப்ளரை மட்டும் தனியாக ஓட்டினார். நூற்று நாற்பத்திரண்டாம் வரியில் பிழை என்றது. அவர் மாற்றிய வரி. கமா விட்டுப்போயிருந்தது. அன்றைக்குப் புது ஆப்ஜெக்ட் ஃபைல் உருவாகவே இல்லை. ஆனாலும் லிங்கர் நிற்காமல், அவள் திருத்துவதற்கு முந்தைய பழையதை எடுத்துக்கொண்டது. கமாவைப் போட்டு சிப்பில் ஏற்றிப் பார்த்தார். வாளியில் தண்ணீர் இறங்கியதும் மோட்டார் நின்றது.

ராமநாதபுரத்தில் பஸ் மாறித் தொண்டிக்குப் போனார். அவள் இ-சேவை மையத்தில் சான்றிதழ் விண்ணப்பங்களைப் பதிந்துகொண்டிருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"அதுக்கப்புறம் நான் புரோகிராமே எழுதலண்ணே. நமக்கு அது வராது போலன்னு நெனச்சுட்டேன். காலேஜுக்கும் போகல."

"தப்பு எம்மேலதாம்மா. திரும்ப வாரியா?"

"எந்த வரியிலண்ணே?" என்று கேட்டாள். சொன்னார்.

"லைன் நம்பரோட ஸ்கிரீன்லயே போட்டிருக்குமே" என்றாள் மெதுவாக. வரிசையில் நின்ற பெரியவரிடம் ஆதாரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பாண்டீஸ்வரன் உப்பளத்துக்குப் போய்ச் சேதுபதியிடமும் சொன்னார்.

"இத இப்ப வந்து சொல்றியேப்பா" என்றார் சேதுபதி. "அந்தப் புள்ளைய நான் என்னென்னமோ பேசிட்டேனே."