மூலை திரும்பிய மயில்

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விழுந்ததும் ஒரு சீறல் கேட்கும். நேற்று எதிர்வீட்டில் அந்தச் சத்தம். பின்னாலேயே அந்தச் சூடான ஈர வாசனை. எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். இந்த வயதிலும் எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. உள்ளே மகள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாய் ஒரு பொம்மையைத் தாவவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சுண்ணாம்பு, இந்தப் பக்கம் கட்டம். நடுவில் நின்ற எனக்கு எங்கள் ஊர் மீனாட்சிபுரத்து மயில் ஞாபகம் வராமல் என்ன செய்யும்?

எழுபதுகளில், ஒரு தேர்தல் முடிந்த கையோடு, என் தோழி தையல் வகுப்பு ஆரம்பித்தாள். பால் சொசைட்டிக்கு அடுத்த அறை. ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, அவள். படிக்கத்தான் ஆளில்லை. மாசக் கடைசிக்குள் ஒரு பிள்ளைகூடச் சேராவிட்டால் மிஷினை விற்றுவிடுவதாக அவள் அண்ணன் சொல்லியிருந்தான். மிஷின் போனால் அவளுக்குக் கை போன மாதிரி.

போர்டு எழுத ஆள் வைக்க வழியில்லை. ஆனால் ரோட்டைப் பார்த்த சுவர் இருந்தது. தேர்தலுக்குச் சுவரெழுத்து எழுதியவர்கள் சொசைட்டிப் பரணில் விட்டுப்போன பொடிகள் இருந்தன: நீலம், காவி, பச்சை, கொஞ்சம் மஞ்சள். மழையில் கட்டிதட்டிப் போகிறதுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் சொசைட்டியில். எங்களுக்குப் படம் வரைய வராது. கிராஸ் ஸ்டிச் வரும். கட்டத்தை எண்ணி நிரப்பினால் துணியில் மயில் வருகிறது, சுவரில் வராதா?

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கொத்தனார் நூலை நீலத்தில் நனைத்து, ஆளுக்கொரு முனை பிடித்துச் சுண்டினோம். சுவர் முழுக்கக் கட்டம். பழைய ரப்பர் செருப்பைச் சதுரமாய் வெட்டி, பசை கலந்த வர்ணத்தில் தொட்டுத் தொட்டு ஒற்றினோம். ஈரத்தில் மிரட்டுகிற காவி, சுண்ணாம்போடு சேர்ந்து காய்ந்ததும் ரோஸாகி அடங்கிவிடும். ஊர் ஊராய் ஓட்டுக் கேட்டுக் கத்திய நீலம், மயிலின் கழுத்துக்கு வந்ததும் கூச்சப்பட்டு நின்றது.

கிராஸ் ஸ்டிச்சில் முதல் பாடமே இதுதான்: துணியை நாலாய் மடி, மடிப்புகள் சந்திக்கிற நடுவில் ஆரம்பி, படம் ஓரம் தாண்டாது. சுவரை எப்படி மடிப்பது? நாங்கள் இடது ஓரத்தில் அலகிலிருந்து ஆரம்பித்தோம். கழுத்து வந்தது, உடம்பு வந்தது, வால் பாதி வந்தது. சுவர் முடிந்துவிட்டது.

போதும், இதோடு விடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. மூலையைத் திரும்பி, பக்கச் சுவரில் வாலைத் தொடர்ந்தாள். அது கட்சிக்காரர்கள் பிடித்து வைத்த சுவர். எங்கள் பக்கத்தில் ஒரு தேர்தல் முடிந்த சூட்டிலேயே அடுத்த தேர்தலுக்குச் சுவர் பிடித்து, கட்சிப் பேரைப் போட்டு 'புக்டு' என்று எழுதிவிடுவார்கள். அதில் வேறு யார் பொட்டு வைத்தாலும் சண்டைதான்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தவர்களுக்கு வால் மட்டும் தெரிந்தது. இறங்கி, மூலை சுற்றி வந்து தலையைத் தேடினார்கள். பால் ஊற்ற வந்தவர்கள் வான்கோழி என்றார்கள். ஒருவர் கிழிந்த ஜமுக்காளம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் சேரவில்லை. மாசமும் முடியப் பார்த்தது.

அப்போதுதான் கட்சியின் சுவரெழுத்துக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். வாலைப் பார்த்தார். அலகு வரை நடந்தார். மறுபடி வாலுக்கே வந்தார்.

"இது ஆரு செவுருன்னு தெரியுமில்ல?"

"தெரியுமுங்கண்ணா" என்றாள் தோழி. "தலை எங்க செவுத்துலதானுங்க இருக்குது. வாலுதான் பேச்சுக் கேக்காம வந்துருச்சுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு கட்டத்தின் விளிம்பை நகத்தால் தடவினார். அவர் எழுதும் வரிகள் போகப்போக மேலே ஏறிவிடும். எதிர்க்கட்சிக்காரர்கள் அதை வைத்தே அவரை ஓட்டுவார்கள். குரலைத் தணித்துக்கொண்டு, இந்தக் கட்டத்தில் எழுத்தும் நேராக நிற்குமா என்று கேட்டார்.

அங்கேயே நூலைச் சுண்டிக் காட்டியிருக்கலாம். அவள் காட்டவில்லை.

"நல்லா நிக்குமுங்க. உங்க தங்கச்சிய அனுப்பி வைங்க. அவளுக்குச் சொல்லித் தர்றனுங்க, அவ உங்களுக்குச் சொல்லட்டும்."

திங்கட்கிழமை தங்கச்சி வந்தாள், கூட்டாளிகள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு. மிஷின் தப்பியது. வாலும் தப்பியது, அது போய் முடிகிற இடத்துக்கு அந்தாண்டை தள்ளித்தான் கட்சி தன் 'புக்டு'வை மாற்றி எழுதியது. கட்டத்துக்குள், நேராக.

கொஞ்ச நாளில் எனக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிட, டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வகுப்பிலிருந்து ஓடிவந்தாள். அங்கே நல்ல பட்டுநூல் கிடைக்கும், வாங்கிவருகிறேன் என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள்.

"நூலெல்லாம் இங்கயே கிடைக்குது புள்ள. நீ அடுத்த வாட்டி வர்றப்ப, செவுத்த எப்படி மடிக்கறதுன்னு ஆருகிட்டயாவது கேட்டுட்டு வா."