தட்டில் விழுந்த கோடி

போன ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கண்ணாடிக்குக் கீழே ஒரு பழைய ஜெர்மன் நோட்டைக் கண்டேன். ஒரு கோடி மார்க். முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே காசு மதிப்பிழந்தபோது, நகரசபைகள் அவசரத்துக்குத் தாங்களே அடித்த நோட்டு. என்னைச் சரித்திரம் படித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். இதே மாதிரி நோட்டால் எங்கள் வீட்டில் சண்டை நடந்தது, அவ்வளவுதான்.

எண்பதுகளில் பெர்லின் வழியாக லண்டன் வந்த சித்தப்பா, அங்கே ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். "இவன் எப்ப போவான்?" என்று அப்பா அம்மாவிடம் கேட்பது அவருக்கும் கேட்கும். அக்கா பெரியபிள்ளையானதற்கு நடந்த சாமத்திய வீட்டில், ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணக்கும் மண்டபத்தில், சித்தப்பா அப்படி ஒரு நோட்டை அன்பளிப்புத் தட்டில் வைத்தார். அப்பா மைக்கைப் பிடுங்கி, "என்ரை தம்பி, ஒரு கோடி மார்க்!" என்று முழங்கினார்.

திங்கட்கிழமை அதை மாற்றப் போன அப்பாவை வங்கியில் சிரித்து அனுப்பினார்கள்.

"சபையில என்னை விசரனாக்கிப் போட்டியேடா!"

"மைக்கைப் பிடிச்சது நீங்கள் அண்ணை. வெறுங்கையோட வந்திருந்தா சும்மா விட்டிருப்பியளோ?"

"இண்டைக்கே வெளிக்கிடு!"

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, கோடி தந்தவனை வீட்டை விட்டுக் கலைச்சா சனம் ஏனெண்டு கேக்கும். என்ன சொல்லப் போறியள்?"

சித்தப்பா மேலும் நான்கு வருஷம் முன்னறையிலேயே இருந்தார். வீட்டுக்குள் இருவருக்கும் பேச்சில்லை. கலியாண வீடுகளில் மட்டும் அப்பா தம்பியின் தோளில் கை போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

சந்தைக்காரர் ஐந்து பவுண் கேட்டார். நான் வாங்கவில்லை. அப்பாவுக்கு எண்பது வயதாகிறது. கைத்தடி இன்னும் குறி தப்புவதில்லை.