வெனிஸ் போகும் ரயிலில் என் மாமியார்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. இத்தாலியிலிருந்து அக்கா.

"தம்பி, அத்தைய ரயிலு கொண்டுக்கிட்டுப் போயிருச்சுப்பா. நான் மட்டும் பிளாட்பாரத்துல நிக்கிறேன்."

அக்கா என்றால் என் கூடப் பிறந்த ஸ்டெல்லா அக்கா. சின்னாளபட்டியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தை என்றால் என் மாமியார் லூர்துமேரி. நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து இத்தாலியைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள். அனுப்பி வைத்தவன் நான்.

ஏஜென்ட் வேண்டாம், குரூப் டூர் வேண்டாம், வெறும் வெப்சைட்டுகளை வைத்தே ஐரோப்பாவில் ஒரு நாட்டைச் சுற்றிவிடலாம் என்று சில வாரங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். எந்தெந்த வெப்சைட் என்று கேட்டு நிறையக் கடிதங்கள். சொல்கிறேன். ஆனால் அந்த வியாழக்கிழமையை விட்டுவிட்டுச் சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

மாமியாருக்கு இத்தாலியில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஊர்தான். பதுவை. நம் பக்கத்தில் கோடி அற்புதர் என்போமே, அந்த அந்தோனியாரின் கல்லறைக் கோயில் அங்கேதான் இருக்கிறது. மாமனார் படுக்கையில் விழுந்தபோது, அவர் எழுந்துவிட்டால் பதுவைக்கே வருகிறேன் என்று மாமியார் நேர்ந்துகொண்டார். மாமனார் எழவில்லை. வருஷம் திரும்பியதும் மாமியார் என்னிடம் கேட்டார்: "கேட்டது கெடைக்கலன்னா போகக் கூடாதா மாப்ள?"

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டூர் கம்பெனிகளின் பட்டியலில் பதுவை இல்லை. இருந்த ஒன்றிலும் அரை மணி நேரம்தான். அதனால் நானே தேடினேன். கன்னியர் மடங்களில் யாத்ரீகர்கள் தங்குவதற்கு அறை உண்டு, அதற்கென்றே ஒரு வெப்சைட் இருக்கிறது என்று தெரிந்தது. மெயில் போட்டால் சிஸ்டர்களே பதில் போடுகிறார்கள். ஃப்ளாரன்ஸ் ஓவியக்கூடத்தில் வெயிலில் வரிசையில் நிற்காமலிருக்க முன்பதிவு செய்கிற வெப்சைட். வெனிஸில் எந்தப் படகு எந்தப் படித்துறைக்குப் போகும் என்று காட்டுகிற வெப்சைட். எல்லாவற்றுக்கும் மேலாக இத்தாலிய ரயில்வேயின் வெப்சைட் — ஊர்ப் பெயரை இத்தாலிய ஸ்பெல்லிங்கில் அடித்தால் எந்த ரயில், எங்கெங்கே நிற்கும் என்று அத்தனையும் வரும்.

பிறகு பயணிகள் பேசிக்கொள்கிற ஒரு ஃபோரம். அங்கே கார்லா என்று ஓர் அம்மா. வெனிஸுக்கு முந்தின ஊரான மெஸ்த்ரேயில் இருக்கிற ரிட்டயர்டு நர்ஸ். நான் என்ன கேட்டாலும் மறுநாளே பதில் போட்டுவிடுவார்.

துணைக்குப் போக என் மனைவி ஜெசிந்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா முன்வந்தார். அக்காவுக்கு அந்த ஃப்ளாரன்ஸ் ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரு சின்னச் சங்கடம்... எங்கள் கல்யாணப் பந்தியில் ஆரம்பித்த மனத்தாங்கல் ஒன்று இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. பார்த்தால் "சாப்டீங்களா" என்பார்கள். அதோடு சரி. இருந்தும் கிளம்பிவிட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஃப்ளாரன்ஸிலிருந்து வெனிஸுக்கு நேர் ரயிலில் இடம் கிடைக்காததால் பொலோனியா என்கிற ஊரில் மாறி ஏறச் சொல்லியிருந்தேன். அங்கே சாதாரண ரயில்களுக்கு ஒரு விதி உண்டு. டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. பிளாட்பாரத்தில் இருக்கிற மஞ்சள் மெஷினில் அதைச் செருகி முத்திரை குத்திக்கொண்டுதான் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். ஃபோரத்தில் இதைப் படித்துவிட்டு அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

அக்கா மாமியாரைப் பெட்டி படுக்கையோடு சீட்டில் உட்கார வைத்திருக்கிறார். உடனே முத்திரை ஞாபகம் வந்திருக்கிறது. இறங்கி மெஷினுக்கு ஓடியிருக்கிறார். அந்த மெஷின் வேலை செய்யவில்லை. அடுத்த மெஷினுக்குப் போய்க் குத்திவிட்டுத் திரும்பினால் கதவு மூடிவிட்டது. ரயில் நகர்ந்துவிட்டது.

இரண்டு டிக்கெட்டும் அக்கா கையில். இரண்டு பாஸ்போர்ட்டும் அக்கா பையில். மாமியாரிடம் இரண்டு சூட்கேஸ், ஒரு ஜெபமாலை.

அக்காவை அங்கேயே நிற்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து இதே நம்பருக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். திரும்பினால் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் இன்டர்நெட் போட்டால் போன் லைன் பிசியாகிவிடும். அக்கா கூப்பிட்டால் கிடைக்காது. அதனால் ஜெசிந்தாவைப் போன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கழுவாத கையோடு தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். செல்போனை எடுத்துக்கொண்டேன்.

ரயில்வே வெப்சைட் திறக்கிறது... திறக்கிறது... திறந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து சீட்டில் ஒருவர் நிதானமாக ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த ரயில் திரையில் வந்தது. ஃபெராரா, ரொவிகோ, மொன்செலிசே, பதுவை, மெஸ்த்ரே, வெனிஸ். வரிசையாக ஊர்கள். இதில் எந்த ஊரில் இறங்குவார்? இறங்குவாரா? டிக்கெட் கேட்டு யாராவது வந்தால் என்ன சொல்வார்?

எனக்குப் பதுவை என்று தோன்றியது. ஸ்டேஷன் பெயரை ஸ்பீக்கரில் சொல்வார்கள். 'படோவா' என்று காதில் விழுந்தால் அவருக்குப் புரியாதா என்ன? ஜெசிந்தாவைச் செல்லில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அம்மா எறங்காதுங்க. கடைசி வரைக்கும் அப்படியே உக்காந்துருக்கும். எங்க அம்மாவ எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்து ஃபோரத்தைத் திறந்தேன். கார்லாவுக்கு எழுதினேன். என் மாமியார், நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, உங்கள் ஊர் வழியாக வரும் ரயிலில் தனியாக இருக்கிறார், மொழி தெரியாது. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. சென்டர்காரர் எல்லோரையும் மூடச் சொன்னார். நான் மூடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் மற்ற கம்ப்யூட்டர்களை எல்லாம் அணைத்துவிட்டு என்னுடையதை மட்டும் ஓட விட்டார். ஜாதகக்காரரும் எழுந்து என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

பதில் வந்தது. பதுவை ஸ்டேஷன் போலீசுக்கு இப்போதே போன் செய்கிறேன், பிறகு நானே மெஸ்த்ரே பிளாட்பாரத்துக்குப் போய் நிற்கிறேன், அங்கே ரயில் நின்றதும் ஒவ்வொரு பெட்டியாக ஏறிப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். முகம்கூடத் தெரியாத ஒரு மனுஷி.

இதற்குள் அக்கா வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். அடுத்த ரயிலில் ஏறிப் பதுவையில் இறங்கச் சொல்லும்படி ஜெசிந்தாவிடம் சொல்லியிருந்தேன். அக்கா பேசவே இல்லையாம், ஒரே அழுகை. ஜெசிந்தாதான், "அழாதீங்க மதினி, பாத்து ஏறுங்க" என்றிருக்கிறாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இலையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கார்லாவுக்கு என் செல் நம்பரைக் கொடுத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. மெஸ்த்ரேயில் ரயில் முழுக்கப் பார்த்துவிட்டாராம். சேலை கட்டிய யாரும் இல்லை. பதுவையிலும் இறங்கவில்லை என்று போலீஸ் சொல்லிவிட்டதாம்.

ஆக, நான் சொன்னதும் தப்பு. ஜெசிந்தா சொன்னதும் தப்பு.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது? ஜெசிந்தா தன் தம்பிக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். சொன்னால் என்ன சொல்வது? அம்மாவைக் காணோம் என்றா? எந்த ஊரில் காணோம் என்பான். எங்களுக்குத் தெரியாதே.

நடந்தது இதுதான். டிக்கெட் பரிசோதகர் வந்திருக்கிறார். மாமியார் இரண்டு விரலைக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே பின்பக்கமாகக் கையைக் காட்டியிருக்கிறார். அவர் நீளமாக ஏதோ சொல்லியிருக்கிறார். போலீசில் பிடித்துக் கொடுக்கப் போகிறார் என்று மாமியாருக்குப் பயம். முதலில் நின்ற ஊரில் சூட்கேஸை இழுத்திருக்கிறார். பாவம், அந்தப் பரிசோதகரே இரண்டையும் தூக்கிக் கீழே வைத்திருக்கிறார். ஃபெராரா. நாங்கள் யாருமே நினைக்காத ஊர்.

பின்னால் நான், "நல்லா யோசிச்சுத்தான் எறங்கியிருக்கீங்கத்தை" என்றபோது, "யோசிச்செல்லாம் எறங்கல மாப்ள. பயத்துல எறங்குனேன்" என்றார்.

ஆனால் இறங்கிய பிறகு அவர் உட்காரவில்லை. அந்தத் திசையிலிருந்து வந்த ஒவ்வொரு ரயிலையும் ஒட்டி நடந்திருக்கிறார், ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக் கூப்பிட்டபடி. அக்கா வந்த ரயில் ஃபெராராவில் நின்றது. அக்கா பிளாட்பாரத்துக்கு மறுபக்கத்து ஜன்னலோரம் தலையைச் சாய்த்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ "ஸ்டெல்லா... ஏத்தா ஸ்டெல்லா" என்று கூப்பிடுவது கேட்டிருக்கிறது. அக்கா எழுந்து ஓடி, மூடப்போன கதவில் தோளைக் கொடுத்து இறங்கிவிட்டார்.

திட்டப் போகிறார் என்று அக்கா நினைத்தாராம். திட்டட்டும் என்றும் நினைத்தாராம். மாமியார் அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

"ஏற வந்தப்ப நீ தண்டவாளத்துல விழுந்துட்டியோன்னு நெனச்சேன்த்தா."

அத்தனை நேரமும் அவருடைய பயம் அதுதான். தான் தொலைந்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அக்கா இதைப் போனில் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டார். நான்தான் ஜெசிந்தாவிடமிருந்து ரிசீவரை வாங்கி, பதுவைக்கு அடுத்த ரயில் எப்போது என்று சம்பந்தமில்லாமல் ஏதோ கேட்டேன்.

அன்று சாயங்காலம் கார்லா மெஸ்த்ரேயிலிருந்து பதுவைக்கு வந்து, இரண்டு பேரையும் அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே கல்லறைக் கல்லில் கையை வைத்து வேண்டுவது வழக்கம். மாமியாரும் வைத்திருக்கிறார். என்னம்மா கேட்டாய் என்று அவர் ஊருக்குத் திரும்பியதும் ஜெசிந்தா விசாரித்தாள்.

"ஒண்ணும் கேக்கல. வந்துட்டேன்னு சொன்னேன்."

சரி, வெப்சைட்டுகள். மேலே சொன்னவை எல்லாமே நல்லவை. நாட்டின் பெயரையும் உங்களுக்கு வேண்டியதையும் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். ரயில் நேரம் சரியாக இருந்தது, முத்திரை விஷயம் சரியாக இருந்தது, படகுத்துறைகூடச் சொன்ன இடத்திலேயே இருந்ததாம். ஃபோரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற வெப்சைட்டுகளில் தகவல் கிடைக்கும். இங்கேதான் ஆள் கிடைக்கும்.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன்னால், பிரிந்துவிட்டால் யார் எங்கே நிற்பது என்று கூட வருகிறவரோடு பேசிக்கொள்ளுங்கள். இதை நான் எந்த வெப்சைட்டிலும் படிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அக்காவும் வந்திருந்தார். பூசை முடிந்து இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். காபி குடித்துக்கொண்டே மாமியார் கேட்டார், பாத்திமா மாதா கோயில் எந்த நாட்டில் இருக்கிறது என்று. போர்ச்சுகல் என்றேன். தூரமா என்றார். பக்கத்தில் வரைக்கும் ரயிலே போகும் என்றேன்.

"பஸ் இருக்கான்னு பாருங்க மாப்ள."